டிஸ்ப்ளே வரலை

பழுதாகி நின்றுபோன கணினி வேறு, ஒரு பாகத்தை மாற்றிய பிறகு எழ மறுக்கும் கணினி வேறு. முதலாவதில் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. தூசியா, சூடா, வயதா, மழை நாளில் வந்துபோன கரண்டா, எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவதில் தேடுகிறவருக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. சற்று முன்புவரை அது ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கை உள்ளே போயிருக்கிறது. அந்தக் கை எதைத் தொட்டது, எதை ஒதுக்கிவிட்டு உள்ளே போனது, வெளியே வரும்போது எதன்மேல் உரசியது என்று நினைத்துப் பார்த்தால் தேட வேண்டிய இடம் மிகவும் சுருங்கிவிடும்.

ஆனால் அந்த நேரத்தில் முதலில் நம்மை விட்டுப் போவது நிதானம்தான். புதிய ராம் வாங்கி வந்த சந்தோஷம், பொத்தானை அழுத்தியதும் கறுப்பாகவே இருக்கும் திரை, அடிவயிற்றில் ஒரு பயம். பயந்த கை மறுபடி அழுத்துகிறது, மறுபடி அணைக்கிறது, எல்லா ஒயரையும் ஒரே மூச்சில் பிடுங்கிச் செருகுகிறது. அதன் பிறகு இயந்திரம் எழுந்துவிட்டால்கூட எதனால் எழுந்தது என்று தெரியாது. எழாவிட்டால், ஒரு குறை இருந்த இடத்தில் இப்போது இரண்டு இருக்கலாம்.

அப்படிப்பட்ட இயந்திரங்களின் அருகில் உட்கார்ந்திருந்த நேரங்களில் எழுதி வைத்தவை இவை.

*

மேசைக் கணினியின் முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்த நாளிலிருந்து அது ஒரு வேண்டுகோள் மட்டுமே. பிளக்கைச் செருகி, கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சைப் போட்டவுடனேயே ஊதா நிற ஒயர் வழியாக 5 வோல்ட் மதர்போர்டுக்கு வந்து காத்திருக்கத் தொடங்குகிறது. பொத்தானை அழுத்தும்போது இரண்டு சிறு முனைகள் ஒன்றோடொன்று இணைகின்றன. போர்டு அதைக் கவனித்து, பச்சை ஒயரை கிரவுண்டுக்கு இழுக்கிறது. அதற்குப் பிறகுதான் எஸ்எம்பிஎஸ் முழுதாக விழித்து மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 என்று அனுப்புகிறது. இப்போது வருகிற பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்புதான். நிறம் போய்விட்டாலும் 24 முனைகளின் வரிசை மாறவில்லை.

மின்சாரம் வந்த உடனேயும் வேலை தொடங்குவதில்லை. அளவுகள் நிலைப்படும்வரை, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து அரை நொடி வரைக்கும், எஸ்எம்பிஎஸ் பொறுத்திருக்கிறது. பிறகு சாம்பல் நிற ஒயரில் "எல்லாம் சரி" என்று ஒரு சைகை. அதுவரை செயலி ரீசெட்டில் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது.

விடுபட்டதும் அது முதலில் போய்ப் பார்க்கும் இடம் வடிவமைப்பிலேயே எழுதப்பட்ட ஒன்று. 1978இல் வந்த 8086 செயலியில் அது 1 எம்பி எல்லைக்கு 16 பைட் கீழே இருந்தது. பின்னால் வந்த 32 பிட் செயலிகளில் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே. பதினாறு பைட்டில் ஒரு நிரலும் அடங்காது. "வேலை அங்கே இருக்கிறது, போ" என்று சொல்லும் ஒரு தாவல் கட்டளைக்கு மட்டும் இடம் உண்டு. அந்தக் கணத்தில் செயலிக்கு ராம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. திரை இருக்கிறதா என்று தெரியாது. யாருடைய கணினி, எத்தனை வருடத்துப் புகைப்படங்கள் டிஸ்க்கில் கிடக்கின்றன என்பதெல்லாம் அதற்கு இன்னும் வெகு தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் இப்படி ஒன்றுமில்லாத இடத்திலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. இதை யோசிக்கும்போது, கணினி எழாமல் போவதைவிட தினமும் எழுந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

*

திரையை எழுப்புவதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் நிறைய. அதனால் கறுப்புத் திரை "நான் இறந்துவிட்டேன்" என்று சொல்வதில்லை. "இன்னும் திரை வரைக்கும் வந்து சேரவில்லை" என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. எங்கே நின்றுவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோதே இந்தச் சிக்கலை யோசித்திருக்கிறார்கள். திரையில் எழுத முடியாத இயந்திரம் எப்படிப் பேசும்? ஒரு சின்ன ஸ்பீக்கர். எல்லாம் சரியென்றால் ஒரு குறும் பீப். சரியில்லை என்றால் நீளமும் குறுமையுமாக வேறு வரிசை. பிறகு, கணினியை எழுப்பும் நிரலான பயாஸை எழுத வந்த நிறுவனங்கள் ஆளுக்கொரு பாஷை வைத்துக்கொண்டன. ஒரு நீளம் இரண்டு குறுமை என்றால் பல போர்டுகளில் கிராஃபிக்ஸ் கார்டைப் பார் என்று பொருள். நீளமாக, விட்டுவிட்டு, நிற்காமல் கேட்டால் ராம். உங்கள் போர்டு எந்தப் பாஷை பேசுகிறது என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

இப்போது வாங்குகிற பல போர்டுகளில் அந்த ஸ்பீக்கர் இருப்பதில்லை. நான்கு முனைகள் கொண்ட ஒரு சின்ன இணைப்பு மட்டும் காலியாகக் கிடக்கும். அதில் செருகும் பொத்தான் அளவு ஸ்பீக்கர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காபிக் காசுக்குக் கிடைக்கிறது. கணினியைத் தானே திறந்து பார்க்கிற எவரும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் நல்ல போர்டுகளில் அதற்குப் பதிலாக ஓரத்தில் நான்கு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் அச்சடித்திருக்கும். விளக்கு ஒவ்வொன்றாக எரிந்து அணைந்து அடுத்ததற்குப் போகும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் இயந்திரம் நிற்கிறது. அதைப் பார்க்காமலேயே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவர்கள்தான் அதிகம்.

*

மௌனம் எல்லாம் ஒரே மௌனம் இல்லை.

ஒரு விளக்கும் எரியவில்லை, காற்றாடி அசையவில்லை என்றால் பிரச்சினை மின்சாரம் வரும் வழியில். பின்பக்க சுவிட்ச், 24 முனை பிளக் கடைசிவரை இறங்கி அதன் கொக்கி மாட்டியிருக்கிறதா, முன்பக்கப் பொத்தானின் மெல்லிய ஒயர் வேலை நடந்தபோது கழன்றுவிட்டதா.

காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, பிறகு மறுபடி அரைச் சுற்று என்றால் எஸ்எம்பிஎஸ் எங்கோ ஒரு ஷார்ட்டைக் கண்டு தன்னையும் மற்றதையும் காப்பாற்றிக்கொள்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். போர்டுக்கு அடியில், துளை இல்லாத இடத்தில் ஒரு பித்தளைக் கால் நின்றிருக்கும். அல்லது விழுந்த ஸ்க்ரூ ஒன்று அடியில் உருண்டிருக்கும்.

காற்றாடி நன்றாக ஓடுகிறது, விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. பாகம் மாற்றிய பிறகு வருகிற புகார்களில் நான் அதிகம் கேட்டது இதுதான். காற்றாடி ஓடுவதைப் பார்த்துவிட்டு "பவர் சரியா இருக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. செயலிக்கு என்று தனியாக ஒரு பிளக் உண்டு. 2000ஆம் ஆண்டில், பென்டியம் 4 வந்த சமயத்தில், பழைய வழியில் வரும் மின்சாரம் போதாமல் நான்கு முனைகளோடு அது சேர்க்கப்பட்டது. இன்று எட்டு முனை. போர்டின் மேல் மூலையில், கூலருக்கும் கேபினட் சுவருக்கும் நடுவே விரல் நுழையாத இடத்தில் இருக்கும். அது செருகப்படாவிட்டாலும் காற்றாடிகள் சுற்றும், விளக்குகள் எரியும். செயலி மட்டும் பட்டினியாக இருக்கும்.

இன்னொன்று, புதிதாக கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பிறகும் மானிட்டர் கேபிளைப் பழைய பழக்கத்தில் போர்டிலேயே செருகுவது. பல கணினிகளில் கார்டு வந்ததும் போர்டின் வாய் மூடிக்கொள்கிறது. எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் செயலிகளில் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. அங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. கேபிளைப் பிடித்து அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால் போதும்.

*

ராம்.

டிடிஆர்4 ராமின் கீழ் விளிம்பில் இரண்டு பக்கமும் சேர்த்து 288 தங்க முலாம் பூசிய தொடுமுனைகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த விளிம்பு நேர்க்கோடாக இல்லாமல் நடுவில் லேசாகக் கீழிறங்கியிருப்பது தெரியும். எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் மோதினால் அழுத்த வேண்டிய பலம் கூடிவிடும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அழுத்தும்போது ஒரு பக்கம் "டிக்" என்று விழும். மறுபக்கமும் விழ வேண்டும். இப்போது பல போர்டுகளில் கொக்கி ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. கொக்கி உள்ள பக்கம் சத்தம் கேட்டதும் கை ஓய்ந்துவிடுகிறது. மறுமுனை ஒரு நூல் அளவு மேலே நின்றிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் குனிந்து, ஸ்லாட்டின் மேல் கோடும் ராமின் கோடும் இணையாக ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் ராமை ரப்பரால் தேய்த்துப் போடுவது பழைய வைத்தியம். சின்ன வயதில் வேலைக்கு வந்த பையன் முதலில் கற்றுக்கொள்வதே அதுதான். அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் மரியாதை இருக்கிறது. தொடுமுனையில் படிந்த கைப்பிசுக்கும் மங்கலும் போனால் தொடர்பு திரும்புகிறது என்பது அனுபவத்தில் நின்ற உண்மை. ஆனால் பென்சிலுக்கான மென்மையான வெள்ளை ரப்பராக இருக்க வேண்டும். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் அந்த மெல்லிய முலாமைச் சுரண்டிவிடும். தேய்த்த பிறகு துகளைத் துடைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தலைவலி. இன்னொன்றும் தோன்றுகிறது: ரப்பர் பலித்த பல இடங்களில், கழற்றி ஒழுங்காக மறுபடி செருகியதே பலித்திருக்கும்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் போடும்போது, பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். பக்கத்துப் பக்கத்தில் போடுவது கண்ணுக்கு அழகு. போர்டின் செப்புக் கோடுகள் வேறு கணக்கில் ஓடுகின்றன.

*

சில நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்பதே செய்ய வேண்டியதாக இருக்கிறது.

புதிய ராம் போட்டு முதன்முறை பவர் கொடுக்கும்போது, போர்டு அந்த ராமோடு பழக வேண்டியிருக்கிறது. செயலியிலிருந்து ராமுக்கு ஓடும் ஒவ்வொரு கோட்டின் நீளமும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. ஒரு கோட்டில் சைகை கொஞ்சம் முந்தி வரும், ஒன்றில் கொஞ்சம் பிந்தி. இந்த வித்தியாசம் பைக்கோ நொடிகளில். ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் பைக்கோ நொடி. ராமைக் கையாளும் கட்டுப்பாட்டகம் ஒவ்வொரு கோட்டிலும் தெரிந்த ஒரு வரிசையை எழுதிப் படித்துப் பார்க்கிறது. தப்பாக வந்தால் நேரத்தைக் கொஞ்சம் நகர்த்துகிறது. மறுபடி எழுதுகிறது. மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன்னால் வாரின் ஓரத்தில் கல்லால் சின்னதாகத் தட்டி, ஒவ்வொரு பக்கமாக விரலால் அடித்துக் கேட்டு, வட்டம் முழுக்க ஒரே சுருதி வரும்வரை சுற்றி வருவாரே, அந்த வேலைதான் இது. மெமரி டிரெயினிங் என்கிறார்கள்.

பழைய டிடிஆர்3 காலத்தில் இது கண்ணுக்குத் தெரியாமல் முடிந்துவிடும். டிடிஆர்5இல் வேகம் கூடியதால் வேலையும் கூடிவிட்டது. 2022இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில், பெரிய அளவு ராம் போட்டால் முதல் முறை பல நிமிடம் ஆகலாம். அந்த நிமிடங்கள் முழுக்கத் திரை கறுப்பு. டிராம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சில போர்டுகள் நடுவில் தானே அணைந்து மறுபடி எழும். பார்க்கிறவருக்கு அது சாவு மாதிரியே தெரியும். உள்ளே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பொறுமை இழந்து பவரைப் பிடுங்கினால் எல்லாம் முதலிலிருந்து. மறுபடி பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒன்றும் ஆகாத ராம்கள் கடைக்குத் திரும்பிப் போகின்றன.

கணினியோடு இத்தனை வருடம் பழகியும், ஒரு கறுப்புத் திரைக்கு முன்னால் பத்து நிமிடம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னும் சிரமமான காரியம்தான். விசைப்பலகையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவேன். எழுந்து தண்ணீர் குடிப்பேன். அந்த இடைவெளியில் மனம் பயத்திலிருந்து கவனத்துக்கு மெல்ல நகர்வதை உணர முடிகிறது.

*

எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூடத்து புராஜெக்ட். பழைய இன்டெல் கணினி, 4 ஜிபி ராம். படம் பெரிதானால் திணறுகிறது என்று 8 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்றை மலிவாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். டிஸ்ப்ளே போய்விட்டது. வந்து பார்த்த பையன், "போர்டு போயிடுச்சுக்கா, மாத்திரலாம். பழசு, கிடைக்கிறதே கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"காலைல வரைக்கும் ஓடுச்சே தம்பி. ராம் போட்டா போர்டு எப்படிப் போகும்?" என்று என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குள்ளேயே பதில் பாதி இருந்தது.

பிளக்கைப் பிடுங்கி, புது ராமைக் கழற்றி, பழையதை மட்டும் போட்டோம். டிஸ்ப்ளே வந்தது. அக்காவின் முகத்தில் ரத்தம் திரும்பியதைப் பார்த்தேன். மறுநாள் கொடுக்க வேண்டிய முகூர்த்தப் பத்திரிகை ஒன்று பாதியில் நின்றிருந்தது. பிறகு புதியதை மட்டும் அதே ஸ்லாட்டில் போட்டோம். கறுப்பு. அடுத்த ஸ்லாட். கறுப்பு. "அப்ப ராம்தான் போச்சா?" என்றார். அப்படியும் சொல்லிவிட முடியாது. அவர் தம்பி வீட்டில் ஒரு பழைய ஏஎம்டி கணினி இருந்தது. அதில் கொண்டுபோய்ப் போட்டதும் முழு 8 ஜிபியும் தெரிந்தது, சோதனையிலும் நின்றது.

சந்தையில் ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று ஒரு வகை 8 ஜிபி டிடிஆர்3 ராம் மலிவாக விற்கிறது. அதில் நினைவகச் சில்லுகள் அடுக்கப்பட்டிருக்கும் முறை, அக்காவின் கணினி போன்ற இன்டெல் கணினிகளின் கட்டுப்பாட்டகத்துக்குப் புரியாது. வடிவம் ஒன்று, பள்ளம் வெட்டியிருக்கும் இடம் ஒன்று, முனைகளின் எண்ணிக்கை ஒன்று. சரியாகப் போய் உட்காரும். வேலை மட்டும் செய்யாது. போர்டும் நல்லது, ராமும் நல்லது. இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார். பத்திரிகை அன்று இரவே அச்சுக்குப் போனது.

*

"போர்டு போயிடுச்சு" என்ற தீர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்டுகள் போகத்தான் செய்கின்றன. மின்னல் அடித்த மறுநாள் போகும். 2000களின் தொடக்கத்தில் தரமில்லாத கெப்பாசிட்டர்களால் உலகமெங்கும் எத்தனையோ போர்டுகள் போயின. தலை உப்பி, பழுப்புத் திரவம் கசிந்து, பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் பாகம் மாற்றிய ஒரு மணி நேரத்தில் எழாத இயந்திரத்துக்கு இது கடைசியாக வர வேண்டிய முடிவு. முதலில் வருவதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. வரிசையாகத் தேடுவதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. "ராம் சரியா உக்காரலை, சரி பண்ணிட்டேன்" என்று சொன்னால் வாடிக்கையாளர் நூறு ரூபாய் கொடுக்கவே யோசிக்கிறார். போர்டு மாற்றினேன் என்றால் ஆயிரங்களைக் கேள்வியில்லாமல் கொடுக்கிறார். கண்டுபிடித்ததற்கு மதிப்பில்லை, மாற்றியதற்குத்தான் மதிப்பு. இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நல்ல போர்டுகள் குப்பைக்குப் போவதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

*

எதுவும் பிடிபடாதபோது கழித்துக்கொண்டே போக வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லாத செயலி என்றால் கார்டு வெளியே. டிஸ்க்குகள் வெளியே. யுஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாம் வெளியே. கடைசியில் மிஞ்ச வேண்டியவை போர்டு, செயலி, அதன் கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ். அப்போதும் எழவில்லை என்றால் போர்டையே கேபினட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின்மேல் வைத்துப் பார்க்கலாம். வெள்ளிப் பையின்மேல் வைக்கக் கூடாது, அதன் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பவர் பொத்தானுக்கான இரண்டு முனைகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும்.

மேசைமேல், கூடு இல்லாமல், ஐந்தே உறுப்புகளோடு ஒரு கணினி எழுந்து "விசைப்பலகை இல்லை" என்று திரையில் எழுதும்போது மனதில் வரும் நிம்மதியை வேறு எதோடும் ஒப்பிட முடியவில்லை. குறை சொல்கிறது, ஆனால் பேசிவிட்டது. இனி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம். ஒன்று சேர்த்து, பவர் கொடுத்து, பார்த்து, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அடுத்தது. இரண்டைச் சேர்த்துப் போட வேண்டும் என்று கை பரபரக்கும். விடக் கூடாது.

*

எர்த் இல்லாத வீடுகளில் கணினியின் இரும்பு உடம்பைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் மின்னிரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் ஒயர் பூமிக்குப் போகாவிட்டால், அவை கேபினட்டை 230 வோல்ட்டில் பாதியளவுக்குத் தூக்கி வைத்துவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்தில்லை. அந்த நிலையில் பிளக்கைப் பிடுங்காமல் ராமைச் செருகினால் ராமுக்கு ஆபத்து. வீட்டில் மூன்று முனை பாயின்ட் இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். எலக்ட்ரீஷியனை ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

*

போர்டின் நடுவில் எங்கோ ஒரு வட்ட பேட்டரி. சிஆர்2032. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். பிளக் பிடுங்கிக் கிடக்கும் இரவுகளிலும் மணி என்ன என்று எண்ணிக்கொண்டிருப்பது இதன் தயவில்தான். 1984இல் ஐபிஎம் தன் ஏடி கணினியில் மோட்டோரோலாவின் ஒரு சில்லை பேட்டரியோடு சேர்த்து வைத்ததிலிருந்து இந்த வழக்கம் தொடர்கிறது. அதில் நேரத்தோடு சில அமைப்புகளும் நினைவில் இருக்கும். பழைய ராமுக்கு என்று வைத்திருந்த வேகத்தைப் புதிய ராமிடமும் கேட்டுப் பிடிவாதம் பிடிக்கும்போது, அந்த நினைவை அழிப்பது நல்லது. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்து, சில நிமிடம் விட்டுவிட வேண்டும். அல்லது கையேட்டில் காட்டியிருக்கும் ஜம்பர் முனைகளை ஒரு கணம் இணைக்க வேண்டும். எழுந்த பிறகு தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அதற்குக் கவலை வேண்டாம், சரிசெய்துகொள்ளலாம்.

*

செயலியை மாற்றியவர்களுக்கு இன்னொரு சுவர் உண்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் பல தலைமுறைச் செயலிகளுக்கு இடம் கொடுத்தது. 1331 முனைகளும் பொருந்தும், பூட்டும் விழும். ஆனால் போர்டில் இருக்கும் பயாஸ், அந்தச் செயலி பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்டதாக இருந்தால் அதை அடையாளம் தெரியாது. பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கக் கணினி எழ வேண்டும், எழப் பழைய செயலி வேண்டும். இந்தச் சிக்கலில் மாட்டியவர்களுக்காக 2018இல் ஏஎம்டியே ஒரு பழைய செயலியைக் கடனாக அனுப்பி, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு செய்தது. ஒரு பெரிய நிறுவனம் இப்படி இறங்கி வந்தது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது பல போர்டுகளில், செயலி இல்லாமலேயே பென்டிரைவ் வழியாகப் பயாஸை மாற்றும் பொத்தான் பின்பக்கம் இருக்கிறது.

*

டிஸ்ப்ளே வந்துவிட்டது, விண்டோஸ் வரவில்லை என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. புதிய எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் சில போர்டுகளில் அதோடு வழியைப் பகிர்ந்துகொள்ளும் சாட்டா வாய் ஒன்று அணைந்துவிடும். பழைய டிஸ்க் அதில் இருந்தால் காணாமல் போனதுபோல் தெரியும். கேபிளை வேறு வாய்க்கு மாற்றினால் திரும்ப வரும். டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், போர்டு மாறியதையோ பயாஸ் மாறியதையோ கண்டு, யார் நீ என்று கேட்டு நிற்கும். 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் இல்லாமல் உள்ளே இருப்பதை எந்த மெக்கானிக்காலும் எடுத்துத் தர முடியாது. இந்தக் குறிப்புகளில் உள்ள மற்ற எல்லாத் தொல்லைக்கும் மருந்து உண்டு. இதற்கு முன்கூட்டியே எழுதி வைப்பது மட்டும்தான்.

ஆகவே, கணினியைத் திறக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. திறப்பதற்கு முன்னால் அந்த 48 எண்களைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். மூடியைக் கழற்றியதும், எதையும் தொடுவதற்கு முன்னால், போனில் உள்பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ராமை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். புதிய ராம் வந்த பையிலேயே அதைப் போட்டு, புதியது ஒழுங்காக ஓடுகிறது என்று நிச்சயமாகும்வரை மேசை இழுப்பறையில் வைத்திருங்கள். ரிப்பேருக்கு வருகிற தம்பி, "போர்டு நல்லாத்தான் இருக்கு, ராம் சரியா உக்காரலை, அவ்வளவுதான்" என்று சொன்னால், அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.